மறு: 'பார்க் பாஸ்கெட்' – மரப்பட்டைக் கூடை என்று போட்டுவிடலாமா?

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம். நம் கட்டுரைக்கான சொற்பட்டியலில் 'bark basket' என்பதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்ற கேள்விக்கு இது என் பதில்.

> 'மரப்பட்டைக் கூடை' எல்லாருக்கும் புரிகிறதே, எதற்குப் புதுச்சொல்?

புரிகிறதுதான், ஆனால் தப்பாகப் புரிகிறது. நாம் எழுதப்போவது கனடாவின் மேற்குக் கரையில் வாழும் குவாக்வாக்கவாக்கு மக்களின் கைவினை பற்றி. அவர்கள் கூடையில் சொரசொரப்பான மேல்பட்டை துளியும் கிடையாது. அதைக் காட்டிலேயே கழற்றிப் போட்டுவிடுகிறார்கள்.

வேலை நடக்கும் விதத்தைப் பாருங்கள். வசந்தத்திலும் கோடைத் தொடக்கத்திலும் மரத்தில் சாறு ஏறும்போதுதான் உரிக்க முடியும். கிளை தாழாத, நேரான செஞ்செடார் மரமாகத் தேடி, அதனிடம் நன்றி சொல்லிவிட்டு, அடிமரத்தில் குறுக்காக ஒரு வெட்டு போடுவார்கள். வெட்டுக்கு மேலே பட்டையை நெம்பிக் கையில் பிடித்துக்கொண்டு பின்னோக்கி நடந்தால், அது மேலே மேலே கிழிந்துகொண்டு போய், உச்சியில் ஊசிபோல் குறுகி அறுந்து விழும். முப்பது அடி நீளம்கூட வரும். சுற்றளவில் ஒரு பங்கை மட்டும் எடுப்பதால் மரம் சாகாது. அந்தத் தழும்போடு இன்றும் நிற்கும் மரங்கள் ஏராளம். 1846க்கு முன் உரிக்கப்பட்டவற்றைப் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணச் சட்டம் தொல்சின்னமாகவே பாதுகாக்கிறது.

அப்புறம் மேல்பட்டையைப் பிரித்து எறிந்து, உள்ளே இருக்கும் வளைகிற பகுதியை மட்டும் மடித்துக் கட்டி, மாதக்கணக்கில் காயவைப்பார்கள். முடையும்போது தண்ணீரில் ஊறவைத்து, ஏடு ஏடாகப் பிரித்து, சீரான அகலத்தில் கீறிக்கொள்வார்கள். அதையே எலும்புக் கருவியால் தட்டிக்கொண்டே இருந்தால் பஞ்சு மாதிரி மெத்தென்று ஆகிவிடும். குழந்தைக்குத் துணியாகவும் அதைத்தான் பயன்படுத்தினார்கள்.

இந்த உள்பட்டைக்கு என் முன்மொழிவு: உரிநார்.

> 'நார்' என்று மட்டும் சொன்னால் போதாதா?

போதாது. வாழைநார் மடலிலிருந்து வருகிறது, பனைநார் மட்டையிலிருந்து, தேங்காய் நார் தேங்காயின் மேல்மட்டையிலிருந்து. எதுவும் மரத்தின் தோலிலிருந்து வருவதில்லை. கல்நார் வேறு இருக்கிறது. 'உரி' சேர்ந்தால் எங்கிருந்து, எப்படி வந்தது என்பது சொல்லிலேயே தெரிந்துவிடும். 'கல்லில் நார் உரிப்பது' என்று காலங்காலமாகச் சொல்லி வருகிறோம், ஆகவே இந்த இரண்டு சொற்களும் நம் காதுக்குப் புதியவை அல்ல. பாடநூலில் உள்ள 'புளோயம் நார்' தாவரவியலுக்குச் சரி, கூடை முடைகிறவர்களைப் பற்றிய கட்டுரையில் ஒட்டாது. 'மரவுரி' என்ற யோசனையும் வந்தது. இராமன் உடுத்த உடையாகவே அந்தச் சொல் எல்லார் மனதிலும் நின்றுவிட்டது, அதை அப்படியே இருக்க விடலாம்.

இந்தச் சொல்லுக்காக நான் இவ்வளவு வாதாடுவதற்குக் கூடை மட்டும் காரணமில்லை. அம்மக்களின் குளிர்காலச் சடங்கான செக்காவுக்கே செந்நிற உரிநார்ச் சடங்கு என்றுதான் விளக்கம். ஆல்டர் மரத்தின் பட்டையை ஊறவைத்த சாயத்தில் அந்த நாரைச் சிவப்பேற்றி, முறுக்கிப் பின்னித் தலைவளையம் செய்கிறார்கள். அச்சடங்கின் ஹமட்சா என்னும் ஆட்டத்தில் வரும் ஹொக்ஹொக் பறவை முகமூடிக்கு நீண்ட மர அலகு உண்டு. ஆடுபவர் உள்ளிருந்து கயிற்றை இழுக்க, அது படார் படாரென்று அடித்துக்கொள்ளும். முகமூடியின் விளிம்பிலிருந்து அடர்த்தியாகத் தொங்கும் நார்தான் ஆளை மறைக்கிறது. 'மரத்தாலான முகமூடி' என்று படக்குறிப்பு எழுதினால் பாதிதான் சொன்னதாகும். 1885 முதல் 1951 வரை ஆடிப்பாடி, வந்தவர்களுக்குப் பரிசுகளை வாரி வழங்கும் அவர்களின் பொட்லாட்ச் விழாவைக் கனடா அரசு தடை செய்திருந்தது. 1921 டிசம்பரில் வில்லேஜ் ஐலண்டில் நடந்த விழாவை ஒட்டி முகமூடி, தலைவளையம் எல்லாவற்றையும் அரசு அதிகாரிகள் பறித்துக்கொண்டு போனார்கள். போராடித் திரும்பப் பெற்றவற்றில் ஒரு பகுதி 1980இல் அலர்ட் பேயில் திறந்த ஊமிஸ்டா பண்பாட்டு மையத்தில் இருக்கிறது. இவ்வளவு பாடுபட்டு மீட்டதை நாம் அரைகுறைப் பெயரால் அழைக்கக் கூடாது.

தலையணியிலும் இரண்டு வகை. நாரில் செய்வது தலைவளையம். இன்னொன்று நெற்றிக்கு மேலே நிற்கும் செதுக்குப் பலகை. அபலோனிச் சிப்பி பதித்து, பின்னால் எர்மின் என்ற சிறு விலங்கின் வெண்தோல்கள் தொங்க, உச்சியில் கடற்சிங்கத்தின் மீசைமயிரை நட்டிருப்பார்கள். அந்த மயிர் வேலிக்குள் கழுகின் தூவியை நிரப்பிவிட்டு ஆடினால் அது மெல்லப் பறந்து கூடமெங்கும் இறங்கும். அமைதியின் அடையாளம் அது. இதற்கு 'நெற்றிப்பட்டம்' என்று ஒரு நண்பர் சொன்னது அருமை, அப்படியே வைத்துக்கொள்ளலாம்.

சரி, 'மரப்பட்டை'யைத் தூக்கி எறியச் சொல்கிறேனா? இல்லை. வட அமெரிக்காவின் பேரேரிகள் பக்கம் அனிஷினாபே மக்கள் செய்யும் மக்கக் என்ற பெட்டி முழுக்க முழுக்க பிர்ச் மரத்தின் மேல்பட்டைதான். தாளாக உரித்து, மடித்து, ஓரம் தைத்து, மேப்பிள் சர்க்கரையும் காட்டரிசியும் போட்டு வைப்பார்கள். மரத்தில் வெள்ளையாகத் தெரிந்த பக்கம் பெரும்பாலும் பெட்டிக்கு உள்ளே போய்விடும், பழுப்புப் பக்கம் வெளியே வரும். தைக்கும் நூல் பல சமயம் பாஸ்வுட் மரத்தின் உள்நார், அதாவது உரிநார்! ஒரே பொருளில் இரண்டும் இருக்கும்போது ஒரே சொல்லால் எப்படிச் சமாளிப்பது? ஆகவே முடைந்தது உரிநார்க்கூடை, மடித்துத் தைத்தது பட்டைப்பெட்டி.

செடாரைத் 'தேவதாரு' என்று எழுத வேண்டாம் என்பதையும் சேர்த்துக்கொள்கிறேன். அது இமயமலை மரம். இது சைப்ரஸ் குடும்பத்து மரம், 'செஞ்செடார்' போதும்.

பட்டியலில் மிச்சமிருப்பது, கயிற்றை இழுத்ததும் இரண்டாகப் பிளந்து உள்ளே வேறொரு முகத்தைக் காட்டும் முகமூடி. 'உருமாறு முகமூடி'யை விட 'திறமுகம்' எனக்குப் பிடித்திருக்கிறது. கூத்து வேடம் கட்டத் தெரிந்தவர்கள் குழுவில் இருக்கிறார்கள், அவர்கள் கருத்தைச் சொன்னால் முடித்துவிடலாம்.

அன்புடன்