கீழ்த்தாடை எலும்புக்குள் ஷ்வானோமா: நரம்பை வெட்டாமல் எடுக்கலாமா?

கேள்வி:
இடது கீழ்த்தாடையில், கடைவாய்ப் பல் வேர்களுக்குக் கீழே 3 செ.மீ. கட்டி. ஓபிஜியில் (தாடை முழுவதையும் காட்டும் எக்ஸ்ரே) ஓரம் தெளிவான கறுப்பு நிழல். சிபிசிடியில் (பல், தாடைக்கான முப்பரிமாண ஸ்கேன்), கீழ் உதட்டுக்கு உணர்வு தரும் நரம்பு ஓடும் எலும்புக் குழாய் அந்த இடத்தில் மட்டும் புடைத்து விரிந்திருக்கிறது. பயாப்ஸியில் ஷ்வானோமா (நரம்பு உறைச் செல்களில் தோன்றும் கட்டி), எஸ்-100 (அந்தச் செல்களைக் காட்டிக்கொடுக்கும் புரதம்) பாசிட்டிவ். உதட்டில் மரமரப்பு இல்லை. தாடைத் துண்டையே எடுக்க வேண்டுமா, கட்டியை மட்டும் எடுத்தால் போதுமா?

பதில் 1:
தாடையை வெட்டவே வேண்டாம் டாக்டர். அது அமிலோபிளாஸ்டோமாவுக்கான (பல் உருவாக்கும் திசுவில் தோன்றி எலும்பை அரிக்கும் கட்டி) வைத்தியம். ஷ்வானோமா உறைக்குள் இருக்கும் சாதுக் கட்டி. நரம்பை ஒரு பக்கம் ஒதுக்கிவிட்டு வளரும். முழுசாக எடுத்துவிட்டால் திரும்ப வருவது அரிது.

வாய் வழியாகவே போகலாம். ஈறை விலக்கும்போதே மென்டல் நரம்பை (அதே நரம்பு எலும்பிலிருந்து வெளிவந்து உதட்டுக்குப் போகும் கிளை) தேடிப் பத்திரப்படுத்துங்கள். பிறகு கன்னப் பக்க எலும்பில் ஜன்னல். பீசோ (அதிர்வால் எலும்பை வெட்டும் கருவி) இருந்தால் நல்லது, மென்திசுவை அதிகம் காயப்படுத்தாது. பர் (சுழலும் துளைமுனை) என்றால் சலைன் (உப்புநீர்) நிற்காமல் ஓட வேண்டும். சூட்டில் எலும்பு செத்துவிடும். வெட்டு உள்நோக்கிச் சாய்ந்திருக்கட்டும். திருஷ்டிப் பூசணிக்கு வெட்டும் மூடி மாதிரி, திரும்ப வைக்கும்போது உள்ளே விழாமல் உட்காரும். மினிபிளேட் (சிறு உலோகத் தகடு) போட்டு இறுக்கிவிடலாம்.

பதில் 2:
ஜன்னல் திறந்ததும் க்யூரெட்டால் (கரண்டி முனைக் கருவி) சுரண்ட ஆரம்பிப்பதில்தான் நரம்பு போகிறது. முதலில் கட்டிக்கு முன்னும் பின்னும் நல்ல நரம்பைக் கண்ணால் பாருங்கள். லூப் (கண்ணில் மாட்டும் உருப்பெருக்கி) கட்டாயம், மைக்ரோஸ்கோப் கிடைத்தால் இன்னும் நல்லது. உறைமேல் நரம்பிழைகள் வெளிறிய கோடுகளாகப் படர்ந்திருக்கும். அவை இல்லாத இடமாகப் பார்த்து, நரம்பு ஓடும் திசையிலேயே கீறுங்கள். குறுக்கே கீறினால் இழைகள் அறுந்துபோகும். சரியான அடுக்கில் போனால் கட்டி வழுக்கிக்கொண்டு கழன்று வரும். ஓரிரு இழைகள் கட்டிக்குள் நுழைந்திருந்தால் அவற்றை மட்டும் துண்டிக்கலாம். ரத்தம் கசிந்தால் பைபோலார் (மின்சாரத்தால் ரத்தக் கசிவை அடைக்கும் இடுக்கி), அதுவும் குறைந்த அளவில்.

இழைகள் கட்டிக்கு ஊடாகவே ஓடினால் நியூரோஃபைப்ரோமாவாக (நரம்பிழைகளோடு கலந்து வளரும் இன்னொரு கட்டி) இருக்கலாம். அதில் நரம்பைக் காப்பது கடினம்.

நரம்பு அறுந்துவிட்டால் அப்போதே 8-0 நைலானில் (முடியைவிட மெல்லிய தையல் நூல்) தையுங்கள். முனைகள் எட்டவில்லையென்றால் இழுத்துத் தைக்காதீர்கள், அந்தத் தையல் பலன் தராது. காலிலிருந்து சூரல் நரம்பை (கெண்டைக்காலின் பின்புறம் ஓடும் உணர்வு நரம்பு) எடுத்து இடையில் வையுங்கள்.

பதில் 3:
ஒப்புதல் வாங்கும்போதே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுங்கள்: நரம்பு அறுபடாமல் இருந்தாலும் கீழ் உதடு மரத்துப்போகலாம், சில மாதம் நீடிக்கலாம், சிலருக்கு முழுசாகத் திரும்பாது. அறுந்து தைத்த நரம்பு நாளுக்குச் சுமார் 1 மி.மீ.தான் வளரும். அதுவரை சூடான காபி பட்டாலும் தெரியாது, உதட்டைக் கடித்தாலும் தெரியாது.

தாடையின் கீழ்விளிம்பு மெலிந்திருந்தால் ஆறு வாரம் குழைந்த சாதம், இட்லி மட்டும். முறுக்கு கடித்தால் தாடையே முறியலாம்.