புதுப்பிப்பு: பட்ஜெட் கூட்டத்துக்குப் போய் வந்தேன்

போன மாதம் இங்கே புலம்பியிருந்தேனே, தென்னாப்பிரிக்காவில், டர்பன் நகரத்து எங்கள் சாட்ஸ்வொர்த் பக்கத்து அரசுப் பள்ளியில் நிர்வாகக் குழு (பெற்றோரும் இருக்கும் குழு) பள்ளி பட்ஜெட்டிலிருந்து சம்பளம் கொடுக்கும் தமிழ் டீச்சரை அடுத்த ஆண்டு நிறுத்தப்போகிறார்களாம் என்று? அதன் தொடர்ச்சி இது.

"சும்மா கோபப்படாதே, சட்டத்தைப் படி" என்று எழுதிய அக்காவுக்கு நன்றி. 1996-ஆம் ஆண்டு தென்னாப்பிரிக்கப் பள்ளிகள் சட்டம், 38-ஆம் பிரிவு: பள்ளி பட்ஜெட்டைப் பெற்றோர் கூட்டத்தில் வைக்க வேண்டும், வந்து வாக்களிப்பவர்களில் பெரும்பான்மை ஒப்பினால்தான் செல்லும். கூட்டத்துக்குக் குறைந்தது 30 நாள் முன்னறிவிப்பு. 14 நாள் முன்பே பட்ஜெட் பள்ளியில் பார்வைக்கு இருக்க வேண்டும். நான் போய்க் கேட்டதும் ஆபீஸில் திருதிருவென்று விழித்தார்கள். இதுவரை யாருமே கேட்டதில்லையாம்! இரண்டு நாள் அலையவிட்டுத்தான் காட்டினார்கள்.

நான் கேள்விப்பட்டது பாதிதான் உண்மை. டீச்சரை நிறுத்தவில்லை, வாரம் ஐந்து நாளை இரண்டாகக் குறைத்திருந்தார்கள். கூட்டத்தன்று நல்ல மழை. வந்தவர்கள் கொஞ்சம்தான், ஆனால் வந்தவர்கள் விடவில்லை. வேலிக்குப் பெயின்ட் அடிக்கும் காசைத் தள்ளிப்போட்டு மூன்று நாளாக்கினோம். ஐந்து கிடைக்கவில்லை, அந்த வருத்தம் இருக்கிறது.

இன்னொன்று. நிர்வாகக் குழுவில் வாக்குரிமை உள்ள மற்ற எல்லாரையும்விடப் பெற்றோர் ஒருவர் கூடுதலாக இருக்க வேண்டும் என்பது சட்டம். எங்கள் குழுவில் பெற்றோர் இடம் ஒன்று காலி. என் பெயரைக் கொடுக்கச் சொல்லி மாமியார் நச்சரிக்கிறார். இடைத்தேர்தல் தேதி வந்ததும் எழுதுகிறேன்.