125 கேவிஏ ஜெனரேட்டர் சைலன்சரில் கருப்பாக ஆயில் ஒழுகுகிறது, டர்போ போய்விட்டதா? அவசரம்

பனியன்யூனிட்: வணக்கம். திருப்பூரில் எங்கள் யூனிட்டில் 125 கேவிஏ செட் இருக்கிறது. இரண்டு வாரமாக டர்போவை (எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் விசிறி) அடுத்த மூட்டில் தார் மாதிரி கருப்பாக ஒழுகுகிறது, சைலன்சரிலும் அப்படித்தான், சுவரெல்லாம் கறை. ஸ்டார்ட் செய்ததும் வெள்ளைப் புகை, ரொம்ப நேரம் நிற்காமல் வருகிறது. மெக்கானிக் பார்த்துவிட்டு டர்போ சீல் போச்சு, மாற்ற 80,000 ஆகும் என்கிறார். வெள்ளிக்கிழமை ஷிப்மென்ட். மாற்றிவிடலாமா? சீக்கிரம் சொல்லுங்க.

நட்டுபோல்ட்டு: எத்தனை மணி நேரம் ஓடிய எஞ்சின், ஆயில் கடைசியாக எப்போது மாற்றியது, ஆயில் குறைகிறதா, ரேடியேட்டரில் தண்ணீர் குறைகிறதா, லோடு எத்தனை ஆம்ப்? ஒன்றுமே சொல்லாமல் டர்போவை மாற்றவா என்றால் என்ன சொல்வது.

நாசில்கடை: டீசலைத் தூவும் நாசில்தான், சந்தேகமே வேண்டாம். எல்லாவற்றையும் கழற்றி பிரஷர் பாருங்கள். வெள்ளைப் புகை என்றாலே டீசல் தூவாமல் சொட்டுகிறது என்று அர்த்தம்.

கிணத்துக்காரன்: டீசலில் தண்ணீர் கலந்திருக்கும். பங்கை மாற்றிப் பாருங்க.

டீசல்பெரியவர்: டர்போ, நாசில், பங்க்! ஆம்ப் எவ்வளவு என்று நட்டுபோல்ட்டு ஒருவர்தான் கேட்டிருக்கிறார். எஞ்சின் வாங்கும்போது கொடுத்த புத்தகத்தைத் திறந்து பார்க்கும் பழக்கம் நம் ஆட்களுக்குக் கிடையாது. அதில் இருக்கிறது, படியுங்கள்.

பனியன்யூனிட்: 6 சிலிண்டர். 4,100 மணி. ஆயில் சர்வீஸ் சரியாகத்தான் செய்கிறோம், ஆனால் முன்பைவிடக் கொஞ்சம் குறைகிறது. தண்ணீர் குறையவில்லை. லோடு தையல் மிஷின்தான்.

நட்டுபோல்ட்டு: "மிஷின்தான்" என்பது ஒரு அளவா அண்ணா? பேனலில் மீட்டர் இருக்குமே.

பனியன்யூனிட்: இப்போது பார்த்தேன், 22 ஆம்ப். மூன்று பேஸிலும் ஏறக்குறைய அதேதான். காம்பாக்டிங் மிஷினும் டிரையரும் போன வருடம் புது யூனிட்டுக்குப் போய்விட்டன. அது முக்கியமா?

நட்டுபோல்ட்டு: அது ஒன்றுதான் முக்கியம்! 125 கேவிஏ என்றால் 415 வோல்ட்டில் சுமார் 174 ஆம்ப். நீங்கள் 22 ஆம்பில் ஓட்டுகிறீர்கள், எட்டில் ஒரு பங்கு. 30 சதவீதத்துக்குக் கீழே நீண்ட நேரம் ஓட்டினால் சிலிண்டர் போதுமான சூடு ஏறாது, டீசல் முழுதாக எரியாது. பிஸ்டன் ரிங்கை லைனரோடு, அதாவது சிலிண்டரின் உள்சுவரோடு, அழுத்திப் பிடிப்பதே டீசல் எரியும்போது உண்டாகும் வாயுவின் அழுத்தம்தான், அது குறைந்தால் ஆயில் மேலே ஏறும். டர்போவும் மெதுவாகச் சுற்றும், அந்தப் பக்கமும் சீல் சரியாகப் பிடிக்காது. எரியாத டீசல், ஆயில், கரி எல்லாம் சேர்ந்து வெளியே தாராக ஒழுகும். இதற்கு வெட் ஸ்டாக்கிங் என்று பெயர். டர்போவைக் கழற்றும் முன் எஞ்சினை நிறுத்தி, ஆறவிட்டு, காற்று வரும் இன்லெட் ஹோஸைக் கழற்றி டர்போவின் தண்டை விரலால் ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் அதிகமில்லை, பிளேடு உரசவில்லை என்றால் 80,000 மிச்சம். பிரீதரில் (எஞ்சினுக்குள் சேரும் வாயு வெளியேறும் குழாய்) புகை எவ்வளவு தள்ளுகிறது என்பதையும் பாருங்கள்.

நாசில்கடை: நாசிலும் கெட்டிருக்கும், நான் சொன்னது தப்பில்லை.

டீசல்பெரியவர்: கரி ஏறினால் நாசிலும் கெடும்தான், ஆனால் காரணம் அதுவல்ல. அப்புறம் கரண்ட் போகாவிட்டாலும் வாரம் ஒருமுறை லோடு இல்லாமல் அரை மணி நேரம் ஓட்டிப் பார்க்கும் வழக்கம் நிறைய இடத்தில் இருக்கிறது, அதுவும் இதே கேடுதான். அமெரிக்கத் தீத்தடுப்புச் சங்கத்தின் அவசர ஜெனரேட்டர்களுக்கான என்.எஃப்.பி.ஏ. 110 விதியே மாதம் ஒருமுறை 30 நிமிடம், குறைந்தது 30 சதவீத லோடில் ஓட்டச் சொல்கிறது.

கிணத்துக்காரன்: எங்கள் கிணற்றில் அப்பா காலத்து ஆயில் எஞ்சின் இன்னும் ஓடுகிறது. பாதி நாள் சும்மாதான் ஓடும், ஒரு சொட்டு ஒழுகியதில்லை. இந்தக் காலத்து எஞ்சின்கள் எல்லாம் பேப்பர்.

டீசல்பெரியவர்: 650 ஆர்பிஎம்மில் தடதடக்கும் டர்போ இல்லாத ஒற்றைச் சிலிண்டரையும் 1,500இல் ஓடும் ஆறு சிலிண்டரையும் ஒன்றாகப் பேசினால் என்ன செய்வது.

கிணத்துக்காரன்: பெரியவரே, ஓட்டிப் பார்த்தவன் சொல்கிறேன். புத்தகம் ஓட்டாது.

ரைஸ்மில்: சண்டை இருக்கட்டும். லோடு ஏற்ற சுலப வழி: டிரம்மில் உப்புத் தண்ணீர், மூன்று தகடு, மூன்று பேஸ். எங்கள் மில்லில் செய்திருக்கிறோம்.

நட்டுபோல்ட்டு: தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள். தண்ணீர் கொதித்துச் சிதறும், டிரம்மைத் தொட்டவர் போய்ச் சேருவார். லோடு பேங்க், அதாவது செட்டுக்கு லோடு கொடுப்பதற்கென்றே உள்ள ஹீட்டர் பெட்டி, வாடகைக்குக் கிடைக்கும், அதை வையுங்கள். 25, 50, 75 கிலோவாட் என்று மெதுவாக ஏற்றுங்கள். ஒரே அடியாக ஏற்றினால் சைலன்சரில் தேங்கிய ஆயில் தீப்பிடிக்கலாம், பக்கத்தில் துணிக்கட்டு எதுவும் இருக்கக் கூடாது. கையில் தீயணைப்பான் இருக்கட்டும். முடிந்ததும் லோடை எடுத்துவிட்டு 3 முதல் 5 நிமிடம் சும்மா ஓடவிட்டு நிறுத்துங்கள், டர்போ ஆறவேண்டும். புகை குறைந்தும் ஆயில் குடிப்பது நிற்கவில்லை என்றால் லைனர் வழவழப்பாகியிருக்கலாம், அப்போது எஞ்சினைத் திறந்துதான் ஆகவேண்டும்.

நாசில்கடை: தண்டு ஆட்டம் பார்த்தீர்களா? என்ன ஆச்சு?

ரைஸ்மில்: ஆள் காணோம். ஷிப்மென்ட் போல.

*(ஒன்பது நாள் கழித்து)*

பனியன்யூனிட்: மன்னிக்கவும், வேலை. தண்டில் ஆட்டம் இல்லை. லோடு பேங்க் வைத்து 75 கிலோவாட்டில் இரண்டரை மணி நேரம் ஓட்டினோம். முதல் முக்கால் மணி நேரம் கரும்புகை, பக்கத்து யூனிட்காரர் சண்டைக்கே வந்துவிட்டார். இப்போது ஒழுகல் நின்றிருக்கிறது. டர்போ மாற்றவில்லை. எல்லோருக்கும் நன்றி.

நட்டுபோல்ட்டு: நல்லது. ஆனால் நாளையிலிருந்து மறுபடியும் 22 ஆம்ப்தானே? சின்ன செட் ஒன்று, 30 கேவிஏ போதுமே, பார்க்கிறீர்களா? ஆயில் இன்னும் குறைகிறதா?

கிணத்துக்காரன்: அந்த 125ஐ விற்பதாக இருந்தால் என்ன விலை?