ஏரி பிளாங்டன் பிஎச்.டி: களமா, பழைய தரவா?

அல்லி: ஏரி பிளாங்டனில் (நீரில் மிதக்கும் நுண்ணிய உயிர்கள்) பிஎச்.டி. செய்ய இரண்டு இடம் இருக்கு. ஒரு இடத்தில் 2 வருடம் ஏரியில் மாதிரி எடுத்து எண்ணணும். இன்னொன்றில் பல பத்தாண்டுத் தரவை வைத்துக் கணித மாடலிங். எது மேல்?

செச்சி_தட்டு: தரவுதான். இங்கிலாந்தின் விண்டர்மியர், ரஷ்யாவின் பைக்கால் ஏரிகளில் 1945லிருந்து அளந்து வர்றாங்க. 2 வருடத்தில் கிடைப்பது இரண்டே வசந்தம். டயாட்டம் (சிலிக்கா ஓடுள்ள பாசி) வசந்தத்தில் பெருகுவது ஒரு வருடம் முந்தினால், வெப்பத்தாலா பாஸ்பரஸாலா என்று எப்படிப் பிரிப்பீங்க?

நாப்ளியஸ்: ஒத்துக்க மாட்டேன். வலை எப்படிப் பொய் சொல்லும் என்று தெரியாமல் மாடல் போடக்கூடாது. 64 மைக்ரான் கண் உள்ள வலையை 10 மீட்டர் ஆழத்திலிருந்து மேலே இழுக்கிறோம். நீலப்பச்சைப்பாசி மண்டிய நாளில் பாதி வழியிலேயே வலைக் கண் அடைபட்டு, தண்ணீர் வலை வாய்க்குள் போகாமல் பக்கவாட்டில் ஒதுங்கிடும். வாய்ப்பரப்பை ஆழத்தால் பெருக்கினால் வடிகட்டாத தண்ணீரும் கணக்கில் ஏறும். பாசி கூடிய அதே நாளில் டாஃப்னியா (பாசி தின்னும் நீர்த்தெள்ளு) குறைந்த மாதிரி தெரியும்; இல்லாத உறவு ஒன்று மாடலில் முளைக்கும். வலை வாயில் ஃபிளோ மீட்டர் (உள்ளே போகும் தண்ணீரை அளக்கும் கருவி) மாட்டினால்தான் குட்டு வெளிப்படும்.

செச்சி_தட்டு: வலை மாறிய ஆண்டு பதிவில் இருந்தால் மாடலில் சேர்த்துக்கலாமே. எண்ணுகிற நேரத்தைப் பாருங்க. பாசியை அடியில் படியவைத்து நுண்ணோக்கியில் எண்ணும் உட்டர்மோல் குழாயில் ஒரு செ.மீ. உயரத்துக்கு 3, 4 மணி நேரம் படியணும், 10 செ.மீ. குழாய்க்கு ஒன்றரை நாள் போகும். பிழை 10 சதவீதத்துக்குள் நிற்க ஒரு இனத்தில் 400 எண்ணணும்.

நாப்ளியஸ்: படியும் நேரத்தைக் குறைத்தால் கனத்த டயாட்டம் மட்டும் அடியில் இருக்கும், கிரிப்டோமோனாட் என்ற சின்னப் பாசி பாதி மேலேயே மிதக்கும். பழைய தரவில் இதை யார் கவனித்தாங்க?

கயல்: இரண்டு பேரும் மாதிரி எடுக்கும் இடைவெளியை மறந்துட்டீங்க. 20 டிகிரியில் டாஃப்னியா ஒரு தலைமுறையை ஏறக்குறைய 10 நாளில் முடிச்சிடும். டாஃப்னியா பாசியைத் தின்று ஏரி தெளியும் தெளிநீர்க் கட்டம் சில வாரம்தான். மாதம் ஒரு மாதிரி என்றால் அது கண்ணிலேயே படாமல் போகலாம், 40 வருடத் தரவானாலும் சரி. அல்லி, கைடிடம் மூன்று கேளுங்க: எத்தனை நாளுக்கு ஒரு மாதிரி, வலைக் கண் எப்போது மாறியது, பழைய மாதிரிப் புட்டிகள் இன்னும் இருக்கா. 150 மைக்ரானிலிருந்து 64க்கு மாறிய வருடம், பெரிய கண்ணில் நழுவிப்போன ரொட்டிஃபர் என்ற நுண்விலங்கு திடீரென்று பெருகின மாதிரி தெரியும். புட்டி இருந்தால் திரும்ப எண்ணிச் சரிபார்க்கலாம்.

நாப்ளியஸ்: புட்டி இருந்தால் என் ஓட்டும் இரண்டாவதுக்கே. ஆனால் திறக்குமுன் நிறத்தைப் பாருங்க. லூகால் (மாதிரி கெடாமல் வைக்கும் அயோடின் கரைசல்) போட்டது வெளிர் தேநீர் நிறத்தில் இருக்கணும். வெளுத்திருந்தால் அயோடின் போயிடுச்சு. மென்மையான செல்கள் சிதைந்திருக்கும். அதில் டயாட்டம் ஓட்டைத் தவிர வேறெதையும் நம்பி எண்ணாதீங்க.