வளர்ந்த பிள்ளைகளிடம் குழந்தைகளை ஒப்படைக்கலாமா? எங்கள் ஊர்க் கோடைத் திட்டம் பற்றி

பள்ளத்தூரான்:
எங்கள் ஊரில் பூட்டிக் கிடக்கும் ஒரு பழைய செட்டிநாட்டு வீட்டின் வளவை (நடு முற்றமும் அதைச் சுற்றிய தாழ்வாரமும் கொண்ட பகுதி), பங்காளிகள் அனைவரின் ஒப்புதலோடு, இந்தக் கோடை விடுமுறையில் திறக்க இருக்கிறோம். 9 முதல் 11 ஆம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகளில் விருப்பமுள்ளோர், காலை 10 மணி முதல் 12 மணி வரை, 3 வயதுக்கு மேற்பட்ட குழந்தைகளுக்குக் கதை சொல்லியும் விளையாட்டுக் காட்டியும் பார்த்துக்கொள்வார்கள். சித்தாள் வேலைக்கும் நூறு நாள் வேலைக்கும் செல்லும் தாய்மார்களுக்கு இது பெரிய ஒத்தாசையாக இருக்கும். ஊரில் சிலர் எதிர்க்கிறார்கள். உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

தேவகோட்டை ஆச்சி:
‘விருப்பமுள்ளோர்’ என்ற சொல்லில்தான் எனக்கு ஐயம். நான் எட்டாம் வகுப்பு படித்தபோது, தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டே வீட்டுப்பாடம் எழுதினேன். விருப்பமா என்று ஒருவரும் கேட்கவில்லை, என் அண்ணனிடம் தம்பியைக் கொடுக்கலாம் என்று ஒருவருக்கும் தோன்றவும் இல்லை. உங்கள் பட்டியலில் சேரப்போகிறவர்களும் பெண்பிள்ளைகள்தாம். போகட்டும், அந்த வீட்டையாவது எண்ணிப் பார்த்தீர்களா? வளவின் நடுவே மழைநீர் விழும் தாழ்ந்த முற்றம், அதைச் சுற்றிக் கருங்கல் விளிம்பு, நனைந்தால் வழுக்கும் ஆத்தங்குடித் தரைக்கல், வளவுக்குப் பின்னுள்ள இரண்டாங்கட்டைத் தாண்டினால் கிணறு. பதினான்கு வயதுப் பிள்ளை எத்தனை பக்கம்தான் கண் வைக்கும்?

ஓய்வுபெற்ற தமிழாசிரியன்:
ஆச்சியின் மனக்குறையை மதிக்கிறேன். ஆனாலும் இது நமக்குப் புதிய வழக்கமன்று. திண்ணைப் பள்ளியில் மூத்த மாணவன் சட்டாம்பிள்ளையாக இருந்து இளையவர்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தான். சென்னை எழும்பூரில் படைவீரர்களின் ஆதரவற்ற ஆண்பிள்ளைகளுக்கான விடுதியை நடத்திய ஆண்ட்ரூ பெல், உள்ளூர்ப் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைக் கண்டு, மாணவர்களைக் கொண்டே மாணவர்களுக்குக் கற்பித்து, 1797 இல் அதை நூலாக வெளியிட்டார். இங்கிலாந்தில் அதை ‘மதராஸ் முறை’ என்றே அழைத்தார்கள். இளையவர்களுக்குக் கதை சொல்லத் தொடங்கிய பிறகு தாமாகவே வாசிக்கத் தொடங்கிய மாணவர்களை என் வகுப்பில் கண்டிருக்கிறேன்.

தேவகோட்டை ஆச்சி:
ஐயா, சட்டாம்பிள்ளையின் பின்னால் வாத்தியார் உட்கார்ந்திருந்தார். சட்டாம்பிள்ளையின் கையில் பிரம்பும் இருந்தது, அதையும் சேர்த்துச் சொல்லுங்கள். எழுத்துச் சொல்லிக்கொடுப்பது ஒன்று; விழுந்து அழும் குழந்தையைத் தேற்றுவதும் கால்கழுவி விடுவதும் வேறு. 2021 இல் அரசு ‘இல்லம் தேடிக் கல்வி’யைத் தொடங்கியபோது, தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்வதற்கே பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவர்களைத்தான் தன்னார்வலர்களாகக் கேட்டது.

அங்கன்வாடிப் பணியாளர் ஒருவர்:
ஒன்றை மட்டும் சொல்கிறேன். வீட்டிலிருந்து தின்பண்டம் கொடுத்தனுப்ப வேண்டாம். முழு வேர்க்கடலை, பட்டாணி போன்றவை 5 வயதுக்குட்பட்ட குழந்தைகளின் தொண்டையில் சிக்கினால் மூச்சு அடைத்துவிடும். அந்நேரத்தில் செய்ய வேண்டிய முதலுதவியைப் பயிற்சி பெற்ற பெரியவர் ஒருவர்தான் செய்ய முடியும். அப்படி ஒருவர் இல்லாமல் வளவைத் திறக்காதீர்கள்.

பள்ளத்தூரான்:
ஏற்றுக்கொள்கிறேன். இரண்டு பெரியவர்கள் எந்நேரமும் இருப்பார்கள்; கால்கழுவி விடுவது அவர்கள் பொறுப்பு. இரண்டாங்கட்டுக் கதவு பூட்டப்படும், கிணற்றுக்குக் கம்பிவலை போடப்படும், 4 வயது நிறையாத குழந்தைகளைச் சேர்க்க மாட்டோம். முறைப்பட்டியலில் ஆண்பிள்ளைகளின் பெயர்களை முதலில் எழுதுவோம். ஆனால் வளர்ந்த பிள்ளைகளை விலக்கிவிட மாட்டேன், ஆச்சி. எங்கள் தெருவில் பாதி வீடுகளில் ஐயாவும் ஆயாவும் (தாத்தாவும் பாட்டியும்) மட்டுமே இருக்கிறார்கள். ஒற்றைப் பிள்ளையாக வளரும் பையன், ஒரு குழந்தையைத் தூக்காமலேயே தகப்பனாகிவிடுகிறான்.

தேவகோட்டை ஆச்சி:
கடைசியில் சொன்னீர்களே, அதற்கு என்னிடம் மறுப்பில்லை. ஆனால் பட்டியலில் பெயர் எழுதுவது எளிது. முதல் வாரம் முடிந்ததும் வருகைப் பதிவை இங்கே இடுங்கள். கிரிக்கெட் ஆட்டம் இருந்த நாளில் எந்தப் பையன் வந்தான், அவனுக்குப் பதிலாக எந்த அக்காள் வந்து நின்றாள் என்பதைப் பார்த்துவிட்டுப் பேசுகிறேன்.