ரோட்டைத் தோண்டிக் களவை அளந்த பொருளியலாளர்: இது எங்களுக்குப் பொருந்துமா?

வெள்ளவத்தைப் பொடியன்

எல்லோருக்கும் வணக்கம். பகலில் வேலை, பின்னேரம் பொருளியல் படிப்பு. ஊழல் பற்றி ஒரு பிரசென்டேஷன் செய்ய வேண்டும், அமெரிக்காவில் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் இருக்கும் பொருளியலாளர் பென்ஜமின் ஓல்கனின் ஆய்வை எடுத்திருக்கிறேன். தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: இந்தோனேசியாவில் ஜாவாப் பக்கம் 608 கிராமங்கள், ஒவ்வொன்றிலும் உலக வங்கி உதவியோடு ஒரு சின்ன ரோட்டுப் போடுகிறார்கள். சீட்டுக் குலுக்கிக் கிராமங்களைப் பிரித்து, சிலவற்றுக்கு மட்டும் "உங்கள் கணக்கைப் பார்க்க அரசாங்கக் கணக்காய்வாளர் கட்டாயம் வருவார்" என்று வேலை தொடங்க முதலே சொல்லிவிட்டார்கள். மற்ற இடங்களில் அப்படி ஒருவர் வர வாய்ப்பு நூற்றுக்கு 4 தான். வேறு சில கிராமங்களில் கணக்குக் காட்டும் கூட்டத்துக்கு ஊர்ச் சனத்தை அழைப்பிதழ் கொடுத்துக் கூப்பிட்டார்கள், சிலவற்றில் பெயர் போடாமல் கருத்து எழுதப் படிவமும் கொடுத்தார்கள். கணக்காய்வு வரும் என்ற இடங்களில் காணாமல் போன காசு (கணக்கில் காட்டிய செலவுக்கும் ரோட்டைத் தோண்டிப் பார்த்து மதிப்பிட்ட செலவுக்கும் உள்ள வித்தியாசம்) கிட்டத்தட்ட 8 சதவீதப் புள்ளி குறைந்தது. சனத்தைக் கூப்பிட்டதால் சராசரியில் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. 2007இல் வெளிவந்த கட்டுரை.

வகுப்பில் சொன்னால் எல்லோரும் சிரிக்கிறார்கள். "அது கிராமத்துக் கதை, இங்கே அடிக்கிறவர்கள் மேலே இருக்கிறார்கள்" என்கிறார்கள். 2022இல் பொருளாதார நெருக்கடியில் அரசாங்கத்தை எதிர்த்துக் காலிமுகத்திடலில் நின்ற சனம் ஒழுங்கை ரோட்டைப் பற்றிக் கத்தவில்லைதானே. இதை இலங்கைக்குக் கொண்டுவந்து பேசலாமா, அல்லது வேறு தலைப்புப் பார்க்கவா? இன்னொன்று, ஊழலை அளக்க நாடுகளுக்குப் புள்ளி போடும் ட்ரான்ஸ்பேரன்சி இன்டர்நேஷனலின் சுட்டெண் இருக்கும்போது ரோட்டைத் தோண்டி ஏன் மெனக்கெட வேண்டும்?

கியூப் கணக்கன்

தம்பி, தலைப்பை மாற்றாதீர்கள். நான் குவான்டிட்டி சர்வேயர், அதாவது கட்டுமான வேலையில் சாமான் அளவும் செலவும் கணக்குப் பார்க்கிறவன், கொழும்பைச் சுற்றித்தான் வேலை. அந்தக் கட்டுரையில் எனக்குப் பிடித்தது அவர் அளந்த விதம். பொறியியலாளர்களைக் கூட்டிப்போய், போட்டு முடித்த ரோட்டில் ஆங்காங்கே தோண்டிக் கல்லும் மணலும் கிரவலும் எவ்வளவு கிடக்கிறது என்று பார்த்திருக்கிறார், பக்கத்துக் கடைகளில் விலை விசாரித்திருக்கிறார், ஊர்ச் சனத்திடம் கூலி எவ்வளவு கொடுத்தார்கள் என்று கேட்டிருக்கிறார். களவே இல்லாமல் போட்டாலும் கொஞ்சச் சாமான் சேதமாகும்தானே, அது எவ்வளவு என்று அறியத் தாங்களே சின்ன ரோட்டுத் துண்டுகள் போட்டு அதையும் தோண்டியிருக்கிறார்கள். சைட்டில் நின்று பழகியவனுக்குத்தான் இந்த யோசனை வரும். கடைசியில் எல்லாக் கிராமங்களையும் சேர்த்துப் பார்த்தால் கணக்கில் காட்டிய செலவில் சராசரி 24 சதவீதம் ரோட்டில் இல்லை.

உங்கள் சுட்டெண் கேள்விக்கு விடையும் அங்கேதான் இருக்கிறது. அதே ஆள் 2009இல் இன்னொரு கட்டுரை எழுதினார். ஊழல் நடக்கிறதா என்று ஊர்ச் சனத்திடம் கேட்டு, அந்தப் பதிலைத் தோண்டி எடுத்த கணக்கோடு ஒப்பிட்டிருக்கிறார். சனத்துக்குக் கொஞ்சம் தெரிகிறது, ஆனால் கொஞ்சம்தான். ஏனென்றால் திருடுகிறவன் விலையில் கை வைப்பதில்லை, அளவில்தான் வைக்கிறான். இங்கேயும் அதே கதை. ஒரு கியூப் (நூறு கன அடி) மணல் என்ன விலை என்று வீடு திருத்துகிற யாருக்கும் தெரியும், பில்லில் விலையைக் கூட்டினால் பியோனே பிடித்துவிடுவார். ஆனால் லொறியில் வந்தது மூன்று கியூபா இரண்டரையா என்று யார் ஏறிப் பார்ப்பது? ஈர மணல் வேறு பொங்கி நிற்கும். பி.ஓ.கியூ.வில், அதாவது வேலைக்கு என்ன சாமான் எவ்வளவு என்ற பட்டியலில், ஏபிசி (தாருக்குக் கீழே போடும் கல் அடுக்கு) 6 அங்குலம் என்று இருக்கும், ரோலர் ஓடித் தாரும் விழுந்த பிறகு கீழே கிடப்பது 6 அங்குலமா 4 அங்குலமா என்பது தோண்டுகிறவனுக்குத்தான் தெரியும். இரண்டு மாரி போனால் ரோட்டே காட்டிக்கொடுக்கும், ஆனால் அதற்குள் குறை வந்தால் என்று பிடித்து வைத்த ரிட்டென்ஷன் காசும் கொந்தராத்துக்காரர் கைக்கு வந்துவிடும்.

சுட்டெண் என்பது நிபுணர்களும் வியாபாரிகளும் என்ன நினைக்கிறார்கள் என்ற அபிப்பிராயம். இலங்கைக்கு 2023இல் நூற்றுக்கு 34 புள்ளி, 2024இல் 32 (புள்ளி குறைந்தால் ஊழல் கூட என்று அர்த்தம்). அந்த இரண்டு புள்ளி எந்த லொறியில் குறைந்தது என்று யாராலும் சொல்ல ஏலாது.

பழைய ஓடிட்டர்

நான் அரச கணக்காய்வில் இருந்து ஓய்வுபெற்றவன், அதனால் கொஞ்சம் கசப்பாகத்தான் எழுதுவேன். "கணக்காய்வு வேலை செய்யும்" என்று ஒரு வரியில் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடாதீர்கள். ஜாவாவில் அது வேலை செய்ததற்குக் காரணம் கட்டாயம் வரும் என்று முதலே தெரிந்ததும், முடிவை ஊர்க் கூட்டத்தில் எல்லோருக்கும் முன்னால் வாசிப்பார்கள் என்பதும். எங்களிடம் கணக்காய்வாளர் நாயகத்தின் அறிக்கைக்குப் பஞ்சமா? கோப் குழுவில் (அரச நிறுவனங்களின் கணக்கை விசாரிக்கும் பாராளுமன்றக் குழு) அதிகாரிகளைக் கூப்பிட்டு ஏசுவதை டிவியில் பார்க்கிறோம், அப்புறம்? 2018ஆம் ஆண்டின் கணக்காய்வுச் சட்டத்தில் நட்டத்தை உரியவரிடமே அறவிட வழி வைத்திருக்கிறார்கள். 2023இல் புதிய ஊழல் எதிர்ப்புச் சட்டம், அதே வருடம் சர்வதேச நாணய நிதியத்தின் ஆளுகை பற்றிய அறிக்கை, ஆசியாவிலேயே முதலாவது. காகிதத்தில் குறை இல்லை. ஆனால் என் காலத்தில் நாங்கள் ஒரு கோப்பைத் திறக்கும்போது கையெழுத்துப் போட்டவர் இடமாற்றம் எடுத்துப் போயிருப்பார், சிலர் பென்ஷனில் இருப்பார்கள்.

இன்னொன்றையும் பிரசென்டேஷனில் மறைக்காமல் போடுங்கள். கணக்காய்வு வந்த கிராமங்களிலும் 19 சதவீதம் அளவுக்குக் காணாமல்தான் போனது. அதோடு அந்த இடங்களில் திட்டத்தை நடத்தினவர்களின் சொந்தக்காரருக்கு வேலை கொடுப்பது கூடியது. காசாக எடுக்க ஏலாவிட்டால் மச்சானுக்குச் சம்பளமாக எடுப்பான்.

உங்கள் வகுப்பு நண்பர்கள் இரண்டு விஷயத்தைக் குழப்புகிறார்கள். 2023 நவம்பரில் உயர் நீதிமன்றம் (சுப்ரீம் கோர்ட்) கோட்டாபய, மகிந்த, பசில் ராஜபக்ச உட்படச் சிலர் மேல் கொடுத்த தீர்ப்பு லஞ்ச வழக்குத் தீர்ப்பு இல்லை. பொருளாதாரத்தைக் கையாண்ட விதத்தால் பொதுமக்கள் வைத்த நம்பிக்கையை மீறினார்கள் என்பதுதான் அது. வரியைக் குறைத்துக் கஜானாவைக் காலியாக்குவதை எந்தக் குழி தோண்டியும் அளக்க ஏலாது. ஓல்கனின் முறை மணலுக்கு நல்லது, மந்திரிசபைக்கு வேறு கருவி வேண்டும். அதை ஒத்துக்கொண்டு பேசினால் யாரும் சிரிக்க மாட்டார்கள்.

புறக்கோட்டை அக்கா

ஐயா சொன்னது சரி, ஆனால் கீழே நடப்பதைச் சின்ன விஷயம் என்று தள்ளிவிடாதீர்கள். நாங்கள் சாமான் இறக்குமதி செய்து விற்கிறவர்கள். தம்பி, அதே ஓல்கன், பேட்ரிக் பாரன் என்பவரோடு சேர்ந்து இந்தோனேசியாவின் அச்சே மாகாணத்து லொறிகளைப் பற்றி எழுதியதையும் பாருங்கள், 2009. ஆட்களை லொறியில் ஏற்றிவிட்டு 304 பயணத்தில் பொலிசுக்கும் ஆமிக்கும் நிறுவை நிலையத்துக்கும் கொடுத்த காசை எண்ண வைத்திருக்கிறார்கள், 6000க்கு மேற்பட்ட தடவை கொடுத்திருக்கிறார்கள். சமாதான ஒப்பந்தத்துக்குப் பிறகு ஆமியும் பொலிசும் விலக, சோதனைச் சாவடிகள் குறைந்தன. உடனே மிஞ்சி நின்ற சாவடிக்காரர்கள் தங்கள் ரேட்டைக் கூட்டிவிட்டார்கள். மொத்தத்தில் குறைந்ததுதான், ஆனால் நினைத்த அளவுக்கு இல்லை.

எனக்கு மனதில் நின்றது வேறொன்று. பயணத்தின் கடைசிப் பக்கம் இருக்கிற சாவடிகளில் கேட்கிற காசு கூட. அவ்வளவு தூரம் வந்த பிறகு லொறிக்காரன் திரும்பிப் போவானா? ஒரு கந்தோரில் எங்கள் பத்திரம் ஆறு மேசை தாண்டிப் போனது, முதல் மேசைகளில் தேத்தண்ணிக் காசோடு முடிந்தது, கடைசிக் கையெழுத்துக்காரர் கேட்டதைக் கேட்டு என் மனுசன் கதிரையில் இருந்துவிட்டார். கொன்டெய்னருக்குத் தாமதக் கட்டணம் ஓடிக்கொண்டிருக்கிறது, அது அவருக்கும் தெரியும். ஊழலை நிறுத்துகிறோம் என்று பெரிய ஆட்கள் பேசும்போது எத்தனை மேசையைக் குறைப்பார்கள் என்றுதான் நான் கேட்பேன். அதிலும் எந்த மேசையை.

வெள்ளவத்தைப் பொடியன்

எல்லோருக்கும் நன்றி. தலைப்பை மாற்றவில்லை. ஐயா சொன்ன 19 சதவீதத்தை முதல் ஸ்லைடிலேயே போடப் போகிறேன், அக்காவின் கடைசி மேசையும் பெயர் இல்லாமல் வரும். கியூப் கணக்கன் அண்ணா, எங்கள் பக்கத்து ஒழுங்கைக்கு அண்மையில் கொங்கிரீட் போட்டார்கள், அதன் பி.ஓ.கியூ.வை வெளி ஆள் ஒருவர் எடுக்க வழி இருக்கிறதா? தோண்ட விடமாட்டார்கள் என்று தெரியும்.

கியூப் கணக்கன்

2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேளுங்கள், காரணம் சொல்லத் தேவையில்லை, தமிழிலேயே எழுதலாம். தகவல் அலுவலர் 14 வேலை நாளுக்குள் தருவதா இல்லையா என்று முடிவு சொல்ல வேண்டும், மறுத்தால் மேன்முறையீடு இருக்கிறது. பி.ஓ.கியூ. மட்டும் கேட்டால் அதை வைத்து ஒன்றும் செய்ய ஏலாது. இறுதி பில்லையும் அளவைத் தாளையும் (போட்ட வேலையை அளந்து எழுதிய தாள்) சேர்த்துக் கேளுங்கள், முக்கியமாக அளவைத் தாள். கொங்கிரீட் என்றால் ஓரத்தில் எங்காவது தடிப்புத் தெரியும், பைப் வேலைக்கு வெட்டுகிற நாளில் ஒரு டேப்போடு போய் நில்லுங்கள்.