புதுப்பிப்பு: குன்றுச்சரிவு கேரவன் தளம், முடிவு வந்துவிட்டது

இங்கிலாந்தில் எங்கள் கிராமத்துக்கு மேலே, பாதுகாக்கப்பட்ட குன்றுச்சரிவில் 40 கேரவன்களை (தங்கும் வசதியுள்ள வண்டி வீடுகள்) நிரந்தரமாக நிறுத்த அனுமதி கேட்டிருந்ததைப் பற்றிப் போன மாதம் எழுதியிருந்தேன். நிராகரித்துவிட்டார்கள்! எனக்குப் பெரிய நிம்மதி.

மரம் நட்டு மறைத்துவிடலாம் என்பதுதான் விண்ணப்பதாரரின் வாதம். ஆனால் குளிர்காலத்தில் இலை உதிர்ந்தால் எல்லாமே தெரியும். இரவில் விளக்கு வெளிச்சம் வேறு. இப்படிப்பட்ட இடங்களில் இயற்கை அழகைக் காப்பதற்கு அதிக முக்கியத்துவம் தர வேண்டும் என்று நிலப் பயன்பாடு, கட்டுமானத்துக்கான தேசியத் திட்டக் கொள்கையே சொல்கிறது. 2023-ல் வந்த ஒரு சட்டம் அந்தக் கடமையை இன்னும் வலுவாக்கியது.

அப்புறம், திட்ட அனுமதிக்கு விண்ணப்பிக்காமலே ஆண்டுக்கு 60 நாள் வரை தற்காலிக முகாம் நடத்தலாம் என்ற விதி இங்கே பொருந்துமா என்று சிலர் கேட்டிருந்தீர்கள். அது கூடாரங்களுக்கும் கேம்பர்வேன்களுக்கும் (தங்கும் வசதியுள்ள மோட்டார் வேன்கள்) மட்டும்தான். வேறு வண்டியில் கட்டி இழுத்துவரும் கேரவன்களுக்குப் பொருந்தாது.

விண்ணப்பதாரர் மேல்முறையீடு செய்ய 6 மாத அவகாசம் இருக்கிறது. செய்தால் மறுபடி எழுதுகிறேன்.